ஏற்றுமதியான செவலை

1949-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், வரதராஜன்பேட்டை முந்திரி வியாபாரி பிலவேந்திரன் ஏற்றுமதியாளர் ஆனார். அதற்காக அவர் எந்த முயற்சியும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வருஷமாகப் புதுச்சேரியில் ஒரு மளிகைக் கடைக்கு அவர் முந்திரிப்பருப்பு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த ஆறு வருஷமும் புதுச்சேரி இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஆனால் யுத்த காலத்தில் வெள்ளைக்கார சர்க்காரும் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு சர்க்காரும் பேசி எடுத்துவிட்ட சுங்கச் சாவடிகளை, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மறுபடியும் போட்டுவிட்டார்கள். இனிமேல் புதுச்சேரிக்கு ஒரு தகரம் பருப்பு அனுப்பினாலும் அது பிரான்சு தேசத்துக்கு அனுப்பியதாகவே கருதப்படும் என்று டில்லியில் முடிவாகிவிட்டது. தேதியைப் பார்த்துச் சிலர் இதை விளையாட்டு என்று நினைத்தார்கள். டில்லிக்காரர்களுக்கு அவ்வளவு விளையாட்டுப் புத்தி கிடையாது.

வேறு வியாபாரியாக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிலவேந்திரன் தையற்காரரிடம் போய் ஒரு கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். கடை வாசலில் 'வெளிநாட்டு ஏற்றுமதி' என்று நீலப் பெயிண்டில் ஒரு பலகை ஏறியது.

அவர் மனைவி மரிய புஷ்பம் பலகையையும் பார்த்தாள், கோட்டையும் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம செல்லப்பன் வண்டியிலதானே பருப்பு போவுது? அதுக்கு எதுக்குங்க கோட்டு?"

"இது எக்ஸ்போர்ட்டுடீ. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"எக்ஸ்போர்ட்டுன்னா வேர்க்காதா?"

மே மாதத்து வெயிலில் அது நியாயமான கேள்விதான்.

ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பருப்பில் பூச்சி இல்லை என்று ஓர் அதிகாரி எழுதித் தர வேண்டும். அந்த அதிகாரி செவ்வாய்க்கிழமை பெரம்பலூரில் கேம்ப் என்றார்கள். பிலவேந்திரன் பெரம்பலூர் போனார். அதிகாரி அன்று காலைதான் அரியலூருக்குக் கிளம்பியிருந்தார். அரியலூர் போனார். அதிகாரி பெரம்பலூருக்குத் திரும்பியிருந்தார். ஒருவாறு இரண்டாவது தடவை பெரம்பலூரில் ஆளைப் பிடித்தார். அதிகாரி மாதிரிப் பருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார், நாலைந்து தின்றார். சந்தேகம் முழுசாகத் தீரவில்லை என்று சொல்லி இன்னும் ஒரு படி பருப்பை வீட்டில் வைத்து ஆராய்வதற்காக வாங்கிக்கொண்டார். ஆராய்ச்சி நல்லபடி முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் சான்றிதழ் வந்துவிட்டது.

அனுமதி விண்ணப்பத்தை அரியலூர் ஸ்டேஷன் எதிரில் டைப் அடிக்கும் அரங்கநாதன் நிரப்பிக் கொடுத்தார். வாரண்டு, வக்காலத்து, வரன் ஜாதகம் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் அடிக்கிறவர். இந்த விண்ணப்பத்தில் மட்டும் அவருக்கே விரல் நின்றுவிட்டது.

"இந்த விண்ணப்ப பாரமே கப்பலுக்காக அச்சடிச்சதுங்க. மாட்டு வண்டிக்குன்னு தனிப் பாரம் கெடையாதாம். கப்பல் பேரு என்னன்னு கேக்குது."

"வண்டிக்கு ஏதுங்க பேரு? ஊர்ல செல்லப்பன் வண்டின்னு சொல்லுவாங்க."

அரங்கநாதன் கப்பலின் பெயர் 'செல்லப்பன்' என்று அடித்தார். "கேப்டன் பேரு?"

"வண்டியோட்டுறவனும் செல்லப்பன்தான்."

"அதுவும் செல்லப்பன். சரக்கு ஏத்துற துறைமுகம்?"

பிலவேந்திரன் யோசித்தார். அவர் ஊரிலிருந்து கடல் இரண்டு நாள் வண்டிப் பயணம். "வரதராஜன்பேட்டைன்னே போடுங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"எஞ்சின் எத்தனை?"

"ரெண்டு மாடு."

'எஞ்சின்: இரண்டு' என்று அடித்துத் தாளை உருவிக் கொடுத்தார் அரங்கநாதன். மெட்ராஸ் ஆபீஸில் அதை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. அனுமதி கிடைத்தது.

செல்லப்பனுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. தான் கப்பலாகவும் கேப்டனாகவும் இரண்டு உத்தியோகம் பார்ப்பது தெரியாமல் அவன் வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் இருந்தது ஒரு வண்டி, செவலைக் காளை ஒன்று, மயிலைக் காளை ஒன்று. மயிலை சந்தையில் வாங்கியது. செவலை அவன் கொட்டகையிலேயே பிறந்தது. பிறந்த மூன்றாம் நாள் தாய்ப்பசு செத்துவிட, மூங்கில் குழாயில் ஆட்டுப்பால் புகட்டி அதை வளர்த்தான். அவன் எழுந்து நின்றால் அதுவும் எழுந்து நிற்கும். அவன் பீடி பிடிக்கப் போனால் கூடவே போகும்.

இருபது தகரத்தில் பருப்பை அடைத்து, மூடியை ஈயம் வைத்துப் பற்றவைத்து, வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள். ரயிலில் போட்டால் பருப்பு உடைந்துவிடும் என்பது பிலவேந்திரனின் கட்சி. முதல் ஏற்றுமதி என்பதால் அவரும் கோட்டோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். விருத்தாசலம் தாண்டுவதற்குள் கோட்டு வண்டியின் முளைக்குச்சியில் தொங்கியது.

மூன்றாம் நாள் காலை நெட்டூர்ச் சாவடிக்கு வந்தார்கள். ஒரு கீற்றுக்கொட்டகை, ஒரு மேசை, ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் இந்தியா. அந்தப் பக்கம் பிரான்சு. இரண்டு பக்கமும் ஒரே கருவேல மரங்கள்.

சாவடி அதிகாரியின் பெயர் தர்மராஜ். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். லஞ்சம் வாங்காதவர், சிரிக்காதவர். தடிமனான விதிப் புத்தகம் ஒன்று அவர் முழங்கைக்கு அடியில் எப்போதும் இருந்தது. அவர் தாள்களை வரி வரியாகப் படித்தார்.

"கப்பல் எங்கே?"

பிலவேந்திரன் அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் காட்டினார். "இதுதான் சார்."

"கேப்டன்?"

"அவன்தான் சார். செல்லப்பா, கும்பிடு."

செல்லப்பன் கும்பிட்டான். தர்மராஜ் எழுந்து போய் மாடுகளைச் சுற்றி வந்தார்.

"எஞ்சின் ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க. எஞ்சினுக்கு உயிர் இருக்கே? உயிர் இருந்தா அது கால்நடை. கால்நடையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கு."

"அனுப்பலீங்க சார், வண்டிய இழுத்துக்கிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்துடும்."

"திரும்பி வரும்னு என்ன உத்தரவாதம்?"

இப்படி ஒரு கேள்வியை அந்த மாடுகளைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. கடைசியில் தர்மராஜே வழி கண்டுபிடித்தார். இரண்டு மாடுகளின் அங்க அடையாளங்களையும் எழுதிக்கொள்வார். ஏழு நாளுக்குள் அதே இரண்டும் திரும்பி வர வேண்டும். கேப்டன் கைநாட்டு வைக்க வேண்டும். அரை மணி நேரம் எழுதினார். செவலைக்கு வலக்கொம்பின் நுனி மழுங்கல், இடது தொடையில் சூட்டுக்குறி, நெற்றியில் ஒரு சுழி, வாலில் வெள்ளை மயிர். செல்லப்பனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவனைப் பற்றியோ அவன் பெண்டாட்டியைப் பற்றியோ சர்க்கார் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. செவலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறது. சந்தோஷமாகக் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தான்.

மூங்கில் உயர்ந்தது. ஐம்பது கஜம் தள்ளி பிரெஞ்சு சர்க்காரின் சார்பில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சிப்பாய் பனைமரத்தடியில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தார். இந்த நேரத்துக்காகவே பங்குச் சாமியாரிடம் வணக்கம் சொல்ல ஒரு பிரெஞ்சு வார்த்தை கற்றுக்கொண்டு வந்திருந்தார் பிலவேந்திரன். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "போன்ழூர்" என்றார்.

"எந்த ஊருங்க?" என்றார் சிப்பாய்.

"வரதராஜன்பேட்டை."

"அட, நம்ம சின்னம்மாவ அங்கதானே குடுத்திருக்கு! போங்க போங்க. நுங்கு சாப்புடுறீங்களா?"

பிரான்சு தேசத்துச் சுங்கம் அதோடு முடிந்தது.

புதுச்சேரி மளிகைக் கடைக்காரர் வழக்கம்போல உடைசல் அதிகம் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல இருபது தகரத்தையும் எடுத்துக்கொண்டார். பிலவேந்திரன் கடற்கரையில் நின்று கொஞ்ச நேரம் கப்பல்களைப் பார்த்தார். தானும் அந்த இனம்தான் என்கிற நினைப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

திரும்பும் வழியில் ஒரு வாய்க்கால் பாலத்தில் பலகை உடைந்தது. செவலையின் முன்னங்கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. செல்லப்பன் நுகத்தைக் கழற்றி, வாய்க்காலில் இறங்கித் தோள் கொடுத்துத் தூக்கினான். எலும்பு முறியவில்லை. ஆனால் கால் தரையில் ஊன்றவில்லை. மாடு கத்தவும் இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு மூன்று காலில் நின்றது. செல்லப்பன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

நல்ல வேளையாக அவன் தங்கை கலியம்மாளைக் கட்டிக்கொடுத்த ஊர் அங்கிருந்து அரை மைல். பன்னிரண்டு வருஷமாக அவள் அங்கே குடித்தனம் செய்கிறாள். தான் பிரான்சில் வாழ்க்கைப்பட்டிருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அண்ணனையும் மாட்டையும் பார்த்ததும் அவள் வைத்தியரைக் கூப்பிட ஓடினாள். வைத்தியர் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பற்றுப் போட்டுக் கட்டினார்.

"பதினஞ்சு நாளைக்கு இத அசைக்கக்கூடாது. அசைச்சா காலு போயிடும்" என்றார்.

"அண்ணே, நீ நம்ம கருப்புக் காளைய ஓட்டிக்கிட்டுப் போ" என்றாள் கலியம்மாள். "செவலை இங்க கெடக்கட்டும். நான் பாத்துக்கறேன். குணமானதும் வந்து மாத்திக்க."

யாருக்கும் இதில் குற்றம் தெரியவில்லை. மறுநாள் காலை ஒரு பக்கம் மயிலையையும் ஒரு பக்கம் கருப்பையும் பூட்டிக்கொண்டு சாவடிக்கு வந்து நின்றார்கள்.

தர்மராஜ் தாளைப் பார்த்தார். கருப்பைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"செவலை எங்கே?"

செல்லப்பன் நடந்ததைச் சொன்னான்.

"அப்படீன்னா ஒரு இந்தியக் காளை லைசென்ஸ் இல்லாம ஏற்றுமதியாயிருக்கு. ஒரு பிரெஞ்சுக் காளை லைசென்ஸ் இல்லாம இறக்குமதியாகப் பாக்குது."

"அய்யா, இந்தக் கருப்பு பிரெஞ்சு மாடு இல்லீங்க. போன வருசம் பண்ருட்டிச் சந்தையில வாங்கினது."

"அப்ப அது எப்ப ஏற்றுமதியாச்சு? அதுக்குத் தாள் இருக்கா?"

"அப்ப இந்த மூங்கி இல்லீங்களே."

"இப்ப இருக்கே" என்றார் தர்மராஜ். கடுமையாகச் சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். செல்லப்பனுக்குப் படிக்கத் தெரியாது. பிலவேந்திரன் படித்துப் பார்த்துவிட்டுக் கோட்டைக் கழற்றினார்.

மனிதர்கள் போகத் தாள் தேவையில்லை. மாட்டுக்குத்தான் தேவை. அதனால் பிலவேந்திரன் மூங்கிலுக்கு அடியில் குனிந்து இந்தியாவுக்கு வந்தார். "செல்லப்பா, நீ ஒங்க தங்கச்சி வூட்டுலயே இரு. நான் போயி மெட்ராஸுக்கு எழுதி ஒரே வாரத்துல முடிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு, கடலூர் பஸ்ஸில் ஏறினார். செல்லப்பன் மயிலையையும் கருப்பையும் திருப்பிக்கொண்டு பிரான்சுக்குள் போனான்.

வீட்டு வாசலில் கணவர் மட்டும் இறங்கியதைப் பார்த்த மரிய புஷ்பம், "செல்லப்பன் எங்கங்க?" என்றாள்.

"பிரான்சுல இருக்கான்."

"வெயில்ல மண்டை காஞ்சிடுச்சா ஒங்களுக்கு?"

பிலவேந்திரன் எல்லாவற்றையும் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அவன் பொண்டாட்டி வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"இன்டர்நேஷனல் விஷயம்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டுப் போயிச் சொல்லுங்க."

அவர் போகவில்லை. செய்தி மட்டும் ஊருக்குள் போனது. செல்லப்பன் பிரான்சுக்குப் போய்விட்டான் என்று ஆண்டிமடம் சந்தைவரை பேச்சு. அவன் மனைவியிடம் போய்க் கப்பலில் போனானா, வெள்ளைக்காரி யாரையாவது கட்டிக்கொள்வானா என்றெல்லாம் விசாரித்தார்கள். அவள் மரிய புஷ்பத்திடம் வந்து அழுதாள். மரிய புஷ்பம் அவளுக்குச் சாப்பாடு போட்டு, ஒரு மூட்டை நெல்லையும் கொடுத்து அனுப்பினாள்.

பிலவேந்திரன் அரியலூருக்குப் போய் அரங்கநாதனிடம் மனு அடித்து அனுப்பினார். பத்து நாளில் மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. சர்க்கார் கணக்கில் அது மின்னல் வேகம். அரங்கநாதன் அதைத் தமிழில் சொன்னார்.

"ஒங்க 'செல்லப்பன்' கப்பலோட எஞ்சின் ஒண்ணு வெளிநாட்டுல பழுதாகி, வேற எஞ்சின் மாட்டினதா அறிகிறோம். அந்த எஞ்சின் எந்தக் கம்பெனித் தயாரிப்பு, எந்த வருஷம், எத்தனை குதிரைச் சக்தி, விவரம் அனுப்பவும்."

"மாடுன்னு எழுதுங்க!" என்று கத்தினார் பிலவேந்திரன்.

"எழுதலாம். ஆனா மொதல் விண்ணப்பத்துல எஞ்சின்னு எழுதிட்டு இப்ப மாடுன்னா, பொய்த் தகவல் குடுத்த கேசுல ஒங்களத் தேடுவாங்க."

பிலவேந்திரன் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அதன்பிறகு அவர் யாருக்கும் எழுதவில்லை. யாராவது கேட்டால், விஷயம் மேலிடத்தில் இருக்கிறது என்றார்.

மேலிடம் எங்கே இருக்கிறது என்று தெரியாத செல்லப்பன் தங்கை வீட்டில் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். தங்கை வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அவனுக்குக் கூச்சம். மாப்பிள்ளையோடு வயலுக்குப் போனான், ஏற்றம் இறைத்தான், வேலி கட்டினான். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து செவலையின் காலுக்கு ஒத்தடம் கொடுத்தான். ஊரில் மனைவி என்ன நினைப்பாளோ என்று கவலை. பத்தாம் நாள் செவலை காலை ஊன்றியது. பதினைந்தாம் நாள் நடந்தது. பத்தொன்பதாம் நாள், மயிலையையும் செவலையையும் பூட்டிக்கொண்டு அவன் சாவடிக்குப் போனான். போன மாடுகளே திரும்பி வருகின்றன. இனி யார் என்ன சொல்ல முடியும்?

"அய்யா, அதே மாடுங்க. நீங்க எழுதினீங்களே அந்தச் சுழி, பாருங்க."

தர்மராஜ் தாளை எடுத்துக்கொண்டு வந்து சரிபார்த்தார். வலக்கொம்பு சரி. சூட்டுக்குறி சரி. சுழி சரி. வாலில் இருந்த வெள்ளை மயிரைக்கூட விலக்கிப் பார்த்தார்.

"மாடு சரியா இருக்கு" என்றார். "தேதிதான் தப்பு."

"என்னங்க?"

"ஏழு நாள்ல வரணும்னு எழுதியிருக்கு. ஏழு நாள் தாண்டினா அது திரும்பி வந்த மாடு இல்லை. புதுசா வர்ற வெளிநாட்டு மாடு. இறக்குமதி லைசென்ஸ் வேணும்."

செல்லப்பன் வண்டியிலிருந்து இறங்கி மூங்கிலுக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இத நான் மூங்கிக் குழாயில பால் ஊத்தி வளத்தேங்க. என் வூட்டுல பொறந்துச்சு. இது வெளிநாட்டு மாடுங்கிறீங்களே."

தர்மராஜ் அவனைப் பார்க்காமல் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பியூனைக் கூப்பிட்டு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார். வாளி மூங்கிலுக்கு அடியில் போனது. தண்ணீர் ஏற்றுமதிக்குத் தடை இருந்ததா என்று அவர் புத்தகத்தில் பார்க்கவில்லை.

மதியம் கலியம்மாள் தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சட்டியைக் கீழே வைத்துவிட்டு, மூங்கிலண்டை போனாள்.

"அய்யா, ஒரு சந்தேகங்க. அந்தாண்ட ஒங்க பக்கத்துக் கொல்லையில மாடு பூந்து மேஞ்சுட்டா என்ன பண்ணுவாங்க?"

"ஊர்ப் பட்டியில அடைப்பாங்க."

"அப்பறம்?"

"சொந்தக்காரன் வந்து தண்டம் கட்டி மீட்டுக்கலாம். ரசீது குடுப்பாங்க."

"அந்த மாட்டுக்கு லைசென்ஸ் கேப்பாங்களா?"

"அது எங்க இலாகா இல்லைம்மா. ஊர் இலாகா." சொல்லிவிட்டுத் தர்மராஜ் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அதற்குள் திரும்பிவிட்டாள். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்பது அவருக்கே தெரியும்.

"அண்ணே, மாட்ட அவுரு."

"எதுக்கு?"

"அவுருன்னா அவுரு."

சாவடியிலிருந்து கால் மைல் தள்ளி இரண்டு தேசத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான் இருந்தது. இந்தியப் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லை பொன்னம்மாளுடையது. கலியம்மாளும் அவளும் ஒன்றாக நடவுக்குப் போகிறவர்கள். கலியம்மாள் விஷயத்தைச் சொன்னதும் பொன்னம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வுடு வுடு, வரட்டும். ஓரத்துல நாலு கதிர் போனாப் போவுது."

செல்லப்பனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "செவலை ஒரு நாளும் அடுத்தவன் கொல்லையில வாய் வெச்சதில்ல, கலியம்மா. அதுக்குத் திருட்டுப் பேரு வாங்கிக் குடுக்கச் சொல்றியா?"

"பேரு வாங்கினாத்தான் அது ஊரு போய்ச் சேரும். தட்டி வுடு."

மாடுகளை வரப்பு தாண்டி விட்டார்கள். இரண்டும் இந்தியாவுக்குள் போய்க் கேழ்வரகுக்கு நடுவில் நின்றன. மேயவில்லை. வளர்ப்பு அப்படி. செவலை கதிரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிச் செல்லப்பனைப் பார்த்தது. செல்லப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கொல்லைக்காரியே கை நிறையக் கதிரை ஒடித்து அதன் வாயில் திணித்தாள்.

"தின்னு ராசா, தின்னு. நீ திங்கலன்னா நான் எப்படிப் பிராது குடுக்குறது?"

முதல் வாய் திணித்ததுதான். இரண்டாவது வாய்க்குச் செவலையே தலையைக் குனிந்தது. மயிலையும் சேர்ந்துகொண்டது. பொன்னம்மாள் இரண்டையும் நாலு வாய் தின்னவிட்டு, "அய்யோ என் வெள்ளாமை போச்சே" என்று முறையாக ஒரு கூச்சல் போட்டாள். பிறகு கயிற்றைப் பிடித்து ஊர்ப் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

பட்டிக்காரர் குருநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார். செல்லப்பன் குனிந்து மூங்கிலைக் கடந்து, ஓட்டமாக வந்து அவர் எதிரில் நின்றான்.

"எந்த ஊரு மாடுய்யா?"

"வரதராஜன்பேட்டைங்க."

"அது உடையார்பாளையம் தாலுக்காவாச்சே! அங்கேருந்தா இங்க மேய வந்துச்சு?"

"ஆமாங்க. நான் பின்னாடியே தேடிக்கிட்டு வந்தேன்."

குருநாதன் அவனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். தண்டம் கட்ட வந்தவனிடம் ஊர்க்கதை கேட்டு என்ன ஆகப்போகிறது என்று எழுதத் தொடங்கினார். செவலைக் காளை ஒன்று, மயிலைக் காளை ஒன்று, சொந்தக்காரர் செல்லப்பன், வரதராஜன்பேட்டை. தண்டத்தை வாங்கிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

செல்லப்பன் ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாவடிக்கு வந்தான். மாடுகள் பின்னால் வந்தன. இந்தத் தடவை அவை மூங்கிலுக்கு இந்தப் பக்கம், இந்தியாவிலிருந்தே வந்தன. தர்மராஜ் ரசீதை மூன்று தரம் படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த ரெண்டு மாடும் இந்தியாவுக்குள்ள இருந்ததா ஊர் இலாகா எழுதிக் குடுத்திருக்கு."

"ஆமாங்க."

"எப்படி வந்துச்சு?"

"மேயப் போச்சுங்க."

தர்மராஜ் விதிப் புத்தகத்தைத் திறந்தார். வெகு நேரம் தேடினார். கப்பலில் வரும் மாடு, ரயிலில் வரும் மாடு, ஓட்டிக்கொண்டு வரும் மாடு எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. தானாக மேய்ந்துகொண்டு வரும் மாட்டுக்கு எந்தப் பக்கத்திலும் விதி இல்லை. புத்தகத்தை மூடும்போது அவர் மூச்சு விட்டது பியூனுக்குக்கூடக் கேட்டது. பழைய தாளை எடுத்து, 'மாடுகள் இந்தியாவில் உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வண்டி?" என்று கேட்டான் செல்லப்பன். வண்டி இன்னும் பிரான்சில் நின்றுகொண்டிருந்தது.

"வண்டிக்கு உயிர் இல்லையே. வரலாம்."

விஷயம் கேட்டு வந்திருந்த கலியம்மாளின் புருஷன் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டான். பின்னாலிருந்து சிவப்புத் தொப்பிச் சிப்பாய் தொப்பியைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டுத் தள்ளினார். ஒரு சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு உருள மறுத்தது. பியூன் போனான். அப்புறம் தர்மராஜும் எழுந்து போய், சட்டைக் கையை மடித்துவிட்டு, ஆரக்காலில் கை வைத்தார். வண்டி இந்தியாவுக்குள் உருண்டது.

"போயிட்டு வரேங்க" என்றான் செல்லப்பன்.

"வராதே" என்றார் தர்மராஜ். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் முதல் தடவையாகச் சிரித்தார் என்று பியூன் பிற்பாடு சொன்னான்.

செவலையின் காலை நினைத்து, மூன்று நாள் வழியை ஆறு நாளில் கடந்து, செல்லப்பன் ஊர் வந்து சேர்ந்தான். பிலவேந்திரன் கடைக்கு அவன் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போய்க் குளித்து, மனைவி போட்ட சோற்றைத் தின்றுவிட்டுக் கொட்டகையில் படுத்துவிட்டான். செய்தி கேட்டு மறுநாள் பிலவேந்திரனே தேடி வந்தார். கோட்டு இல்லை. தோளில் ஒரு மூட்டை தவிடு.

"கஷ்டப்பட்டுட்டே செல்லப்பா. மேலிடத்துல அழுத்திச் சொல்லி ஒருவழியா முடிச்சேன்."

செல்லப்பன் தவிட்டை வாங்கி உள்ளே வைத்தான்.

"கடைக்காரர் இன்னும் பதினஞ்சு தகரம் கேட்டு எழுதியிருக்காரு. வர்ற திங்கக்கெழமை ஏத்திடலாமா?"

"நான் வரலீங்க மொதலாளி."

"ஏன்யா?"

"மாட்டுக்குக் கால் சரியில்ல." செவலையின் காலைத் தடவியபடி, "எனக்கும்தான்" என்றான்.

பிலவேந்திரன் வேறு வண்டிக்காரர்களைக் கேட்டார். கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வரவில்லை. அந்தப் பதினைந்து தகரத்தையும் மரிய புஷ்பம் ஜெயங்கொண்டத்தில் ஒரு மிட்டாய்க்கடைக்கு ஒரே பேச்சில் விற்றுவிட்டாள். வண்டி காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டது.

செல்லப்பனுக்குத்தான் கஷ்டம் முடியவில்லை. வெளிநாட்டுப் பயணத்தில் செவலை ஒன்றே ஒன்றுதான் கற்றுக்கொண்டு வந்திருந்தது. அடுத்தவர் கொல்லையில் தலையைக் குனிந்தால் யாரும் அடிப்பதில்லை, கையால் ஒடித்து ஊட்டுகிறார்கள் என்பதே அது. ஆடி பிறப்பதற்குள் மூன்று கொல்லையில் புகுந்துவிட்டது. இரண்டு தடவை உள்ளூர்ப் பட்டியில் அடைத்தார்கள். மூன்றாவது தடவை அது புகுந்தது மரிய புஷ்பத்தின் கீரைப் பாத்தியில்.

தகவல் தெரிந்து செல்லப்பன் கயிற்றோடு ஓடினான். தண்டத்துக்காக மடியைத் தடவிக்கொண்டே ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது பாத்தியில் பாதி காலி. மரிய புஷ்பம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு செவலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. நான் கட்டிப்போட்டுத்தான் வெச்சிருந்தேன்."

"வுடு செல்லப்பா" என்றாள் அவள். "எங்க வூட்டுக்காரரால கெட்ட மாடு. மிச்சத்தையும் தின்னுட்டே போவட்டும்."

செவலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தது.